மவுண்ட் லோரல் வழக்கும் புறநகர் வாடகைக் குடியிருப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

குறைந்த வருமானமுடைய குடும்பமொன்று நகரத்துக்கு வெளியே வாடகைக்கு வீடு தேடி அலைவதை நாம் பெரும்பாலும் சந்தை பற்றிய செய்தியாகவே கொள்கின்றோம். வீடுகள் குறைவு, கேட்போர் அதிகம், ஆதலின் வாடகை உயர்ந்துள்ளது என்பதோடு விளக்கம் முடிந்துவிடுகின்றது. வீடுகள் ஏன் குறைவாயின, அவற்றைக் கட்டவிடாது தடுத்தவர் எவர், எந்தக் கருவிகொண்டு தடுத்தனர் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. இவ்வினாக்களுக்கான விடைகளை எழுத்திலேயே பதித்துவைத்துச் சென்ற ஊர்கள் சில உள. அவற்றுள் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள மவுண்ட் லோரல். அங்கு 36 வாடகை வீடுகளைக் கட்ட வழியில்லை என்று கூறப்பட்டதிலிருந்து தொடங்கிய பிணக்கு முப்பது ஆண்டுகள் நீடித்தது. அந்நாட்டின் நிலப்பயன்பாட்டுச் சட்டத்தைக் கற்போர் எவரும் அதனைத் தவிர்த்துச் செல்ல இயலாத நிலையும் தோன்றியது. அப்பிணக்கின் வரலாற்றையும், அதன்மூலம் வறியோர் உண்மையிற் பெற்றது யாது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

'புறநகர்' என்னும் சொல்லைத் தெகிவளையையோ வத்தளையையோ மனத்திற்கொண்டு விளங்கிக்கொள்ள முயன்றால் நாம் பிழைபட்டுப்போவோம். கொழும்பைச் சூழ்ந்த ஊர்களிற் பெரிய வளவுக்கு அருகே சிறிய வீடும், அதன் பின்புறத்தில் வாடகைக்கு விடப்பட்ட அறையும், முன்புறத்தில் கடையும் அமைந்திருத்தல் இயல்பு. அமெரிக்கப் புறநகரோ தனக்கெனச் சபையும், தனக்கென வரியும், தன் எல்லைக்குள் எது கட்டப்படலாம், எது கட்டப்படலாகாது என்று விதிக்கும் அதிகாரமும் உடைய தனியோர் ஆட்சிப் பிரிவாகும். நியூ ஜேர்சி போன்ற சிறிய மாநிலத்திலேயே 1970களில் இத்தகைய உள்ளூராட்சிப் பிரிவுகள் 567 இருந்தன. பாடசாலைகளை நடத்துவதற்கான பணத்தின் பெரும்பகுதி நமது சோலைவரியை ஒத்த ஆதனவரியிலிருந்தே பெறப்பட்டது. விலையுயர்ந்த வீட்டில் வாழும் பிள்ளையற்ற குடும்பம் சபைக்கு இலாபம்; மலிவான வீட்டில் வாழும் பிள்ளைகள் நிறைந்த குடும்பம் சபைக்கு நட்டம். இந்தக் கணக்கை மறந்துவிட்டு, பின்வரும் நிகழ்ச்சிகளை வெள்ளையரின் மனக்கோணலாக மட்டும் விளக்க முற்படுதல் போதாது. மனக்கோணல் இருந்தது, அதற்கு வரவுசெலவுத் திட்டமொன்றும் துணைநின்றது.

இத்தகைய அதிகாரத்துக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது 1926 இல் ஆகும். ஒகையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரையடுத்த யூக்ளிட் என்னும் கிராமத்தின் வலயக் கட்டளைச்சட்டம் செல்லும் என அவ்வாண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய நீதியரசர் சதர்லண்ட், தனிவீடுகள் நிறைந்த பகுதியில் எழும் மாடிக் குடியிருப்பை அப்பகுதியின் நலத்தை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டார். தொழிற்சாலைப் புகைக்கும் இரைச்சலுக்கும் எதிராக எழுந்த விதி, வாடகைக்குக் குடியிருப்போனையும் அவற்றோடு சேர்த்து எண்ணியது. 1934 இல் உருவாக்கப்பட்ட கூட்டாட்சி வீடமைப்பு நிர்வாகம் வீட்டுக் கடன்களுக்கு உத்தரவாதம் அளித்தபோது, கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளையும் இனங்கள் கலந்து வாழ்ந்த பகுதிகளையும் ஆபத்தானவையென ஒதுக்கியது. போருக்குப் பின்னர் இலட்சக்கணக்கான வெள்ளையர் அரசு உத்தரவாதத்துடன் கடன் பெற்றுப் புறநகரில் வீடு வாங்கினர். மவுண்ட் லோரல் அமைந்துள்ள அதே பேர்லிங்டன் மாவட்டத்தில் 1958 இல் லெவிற் நிறுவனம் திறந்த லெவிற்றவுனில் கறுப்பின மக்களுக்கு வீடு விற்கப்படமாட்டாது என்று வெளிப்படையாகவே கூறப்பட்டது. 1960 இல் மாநில உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. எனினும் அத்தீர்ப்பால் வீடு வாங்க வல்லவனுக்கே பயன் விளைந்தது. வாங்க வழியின்றி வாடகைக்கு இருக்க விரும்பியவனுக்கு அங்கே கதவே இருக்கவில்லை.

மவுண்ட் லோரல் 22 சதுர மைல் பரப்புடையது. கம்டன் நகரிலிருந்து ஏறத்தாழப் பத்து மைல் தொலைவில் உள்ளது. 1950 இல் அதன் சனத்தொகை 2,817. அப்போது அது ஒரு விவசாய ஊர். 1951 இல் திறக்கப்பட்ட நியூ ஜேர்சிப் பெருஞ்சாலை அதனூடாகச் சென்றது. 1960 இல் சனத்தொகை 5,249 ஆகவும், 1970 இல் 11,221 ஆகவும் பெருகியது. ஆனால் ஊரின் வரலாறு பெருஞ்சாலையோடு தொடங்கவில்லை. குவேக்கர் சமயத்தவர் குடியேறிய அப்பகுதியில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டோரும் தப்பி வந்தோரும் நெடுங்காலத்துக்கு முன்னரே புகலிடம் பெற்றிருந்தனர். அவர்களின் வழித்தோன்றல்கள் ஸ்பிரிங்வில் என்னும் பகுதியில், ஜேக்கப்ஸ் சப்பல் என்ற சிறு தேவாலயத்தைச் சூழ்ந்து வாழ்ந்துவந்தனர். வெள்ளையரின் தோட்டங்களிற் குத்தகையாளராகவும் கூலியாளராகவும் உழைத்தோர் இவர்கள். புதிதாக வந்து குடியேறியோரைக் காட்டிலும் இவர்களே அம்மண்ணுக்குப் பழையவர்கள். பின்னாளில் வழக்கின் முகமாக அமைந்த எதெல் லோறன்ஸ் அம்மையார், அவ்வூரிற் பல தலைமுறை வேர்கொண்ட குடும்பத்தைச் சேர்ந்தவர். அத்தேவாலயத்தில் இசைக்கருவி வாசித்தவர்.

1960களின் இறுதியில் ஸ்பிரிங்வில் மக்களின் இருப்பிடங்கள் சீர்கெட்டிருந்தன. கோழிக்கூடுகளாக இருந்த கொட்டில்களைத் திருத்தி அவற்றில் வாழ்ந்தோரும் இருந்தனர். சபையினர் அவ்வீடுகளை மனிதர் வாழத் தகுதியற்றவை என அறிவித்து அகற்றினர். அகற்றப்பட்டோருக்கு மாற்றிடம் எதுவும் கொடுக்கப்படவில்லை. ஊரில் வேறு வாடகை வீடு இல்லாமையால் வெளியேறியோர் கம்டனின் சேரிகளையே அடைந்தனர். இந்நிலையில் ஸ்பிரிங்வில் செயற்குழுவினர் தம் மக்களுக்கென 36 தொடர்வீடுகளை அரச உதவியுடன் கட்டி வாடகைக்கு விடுவதற்குத் திட்டம் வகுத்தனர். 1970 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அம்மக்கள் தேவாலயத்திற் கூடியிருந்தபோது, சபைத் தலைவர் நேரில் வந்து அத்திட்டத்துக்கு வலய விதிகள் இடமளிக்கமாட்டா என்றார். தம் ஊரில் வாழ்வதற்கு வசதியில்லாதோர் வெளியேறத்தான் வேண்டும் என்ற பொருள்பட அவர் கூறியதை அங்கிருந்தோர் மறக்கவில்லை. எவருடைய ஊர் என்பதே அன்று எழுந்த வினா.

சபையின் மறுப்பு தலைவரொருவரின் தனி மனநிலையன்று என்பதை 1964 ஆம் ஆண்டின் வலயக் கட்டளைச்சட்டம் காட்டும். ஊரின் நிலத்தில் 29.2 சதவீதம், அதாவது 4,121 ஏக்கர், தொழிற்சாலைகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அதில் உண்மையிற் பயன்பட்டது நூறு ஏக்கருக்கும் குறைவு. தொழிற்சாலை வந்தால் வரி வரும், பிள்ளைகள் வாரா. எனவே அந்நிலம் வெறுமையாகக் கிடந்தாலும் அதில் வீடு கட்டலாகாது. எஞ்சிய நிலத்தின் பெரும்பகுதியில் தனித்தனி வீடுகள் மட்டுமே அனுமதிக்கப்பட்டன. ஊரின் பாதிக்கும் மேற்பட்ட பரப்பை அடக்கிய வலயமொன்றில் ஒவ்வொரு மனையும் குறைந்தது 20,000 சதுர அடியாக, ஏறத்தாழ அரை ஏக்கராக, இருத்தல் வேண்டும். வீட்டின் உட்பரப்புக்கும் குறைந்த அளவு விதிக்கப்பட்டது. ஒருமாடி வீடாயின் 1,100 சதுர அடி. இதைவிடச் சிறிய, இதைவிட மலிவான வீட்டைக் கட்டுதல் குற்றமாயிற்று. தொடர்வீடுகளும் மாடிக் குடியிருப்புகளும் இழுத்துச் செல்லத்தக்க நகர்வீடுகளும் பொதுக் கட்டளைச்சட்டத்தின்கீழ் ஊரின் எந்த மூலையிலும் அனுமதிக்கப்படவில்லை.

இதற்கு விதிவிலக்கு ஒன்று இருந்தது. தோட்டங்களில் விவசாயத் தொழிலாளரைக் குடியமர்த்துவதற்கு மட்டும் மாடிக் குடியிருப்பு அமைக்கலாம். உழைப்புத் தேவைப்படும் இடத்தில் உழைப்பவன் தங்கலாம். அவ்வுழைப்பு நின்றதும் அவனுக்கு அவ்வூரில் இடமில்லை. நமது மலையகத்து லயங்களை அறிந்த வாசகர்க்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை.

1967 க்குப் பின்னர் பெருந்திட்டங்களுக்கெனத் தனி விதியொன்று வகுக்கப்பட்டது. அதன்கீழ் அனுமதி பெற்ற நான்கு திட்டங்களிற் குறைந்தது 10,000 குடியிருப்புகள் அமையவிருந்தன. மாடிக் குடியிருப்புகளும் அவற்றுள் இடம்பெற்றன. இவை யாருக்கு என்பதை உடன்படிக்கைகளே கூறிவிட்டன. குடியிருப்புகளிற் பெரும்பாலானவை ஒரு படுக்கையறை கொண்டவையாக இருத்தல் வேண்டும். ஒரு படுக்கையறை வீட்டிற் பாடசாலை செல்லும் வயதுடைய பிள்ளை எதுவும் குடியிருக்கலாகாது. இரு படுக்கையறை வீட்டில் இரு பிள்ளைகளுக்கு மேல் கூடாது. இந்நிபந்தனைகள் வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதப்படல் வேண்டும். அத்துடன் குடியிருப்பொன்றுக்குச் சராசரி 0.3 பிள்ளைக்கு மேல் ஊர்ப் பாடசாலைக்கு வருமாயின், மிகைப்பட்ட பிள்ளைகளின் கல்விச் செலவு முழுவதையும் கட்டடம் அமைத்த முதலாளியே ஏற்றல் வேண்டும். பிள்ளையைப் பின்னமாக்கிக் கணக்கிட்ட இந்த 0.3 என்ற எண்ணை நாம் எத்தனை முறை நோக்கினும் வியப்பே மிஞ்சுகின்றது. நிறம் பற்றியோ வறுமை பற்றியோ ஒரு சொல்லும் இவ்விதிகளில் இல்லை. படுக்கையறை, சதுர அடி, மனையின் முகப்பகலம் என்னும் குற்றமற்ற சொற்களே உள்ளன. 1968 இன் கூட்டாட்சி நியாய வீடமைப்புச் சட்டம் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த பின்னரும் இவ்விதிகள் உறுதியாக நிலைத்தமைக்கு இதுவே காரணம்.

1971 மே மாதத்தில் வழக்குத் தொடரப்பட்டது. கம்டன் பிராந்தியச் சட்ட உதவி நிலையத்தைச் சேர்ந்த பீற்றர் ஒக்கொனர், கார்ல் பிஸ்கையர், கென்னத் மைசர் என்னும் இளம் வழக்கறிஞர்கள் அதனை நடத்தினர். இவர்களின் சம்பளம் வறுமை ஒழிப்புக்கான கூட்டாட்சி அரசின் நிதியிலிருந்து வந்தது என்பது சுவையான செய்தி. வழக்காளிகளுள் ஊரிற் சீர்கெட்ட வீடுகளில் வாழ்ந்தோரும், வீடின்றி முன்னரே வெளியேறியோரும், கம்டன் போன்ற இடங்களில் வாழ்ந்துகொண்டு புறநகரில் வீடு தேடியோரும் இருந்தனர். மூன்றாவது பிரிவினரின் நிலையே வழக்கின் உயிர்நாடி எனலாம். கம்டன் அப்போது சிதைந்துகொண்டிருந்தது. 1950 இல் ஏறத்தாழ 124,000 ஆக இருந்த அதன் சனத்தொகை 1970 இல் 102,000 ஆகக் குறைந்தது. அந்நகரின் பெருங் கப்பல்கட்டும் தளம் 1967 இல் மூடப்பட்டது. வேலைகள் பெருஞ்சாலையோரத்துப் புறநகர்களை நோக்கிப் பெயர்ந்தன. வேலை செய்வோன் மட்டும் பெயர இயலவில்லை.

மாவட்ட நீதிபதி மார்ற்றினோ 1972 இல் வழக்காளிகளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். சபை மேன்முறையீடு செய்தது. 1975 மார்ச் 24 இல் நியூ ஜேர்சி உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வெளிவந்தது. அதனை எழுதியவர் நீதியரசர் பிரெடரிக் ஹோல். நகர்வீடுகளை முற்றாகத் தடைசெய்த வேறோர் ஊரின் விதியை இதே நீதிமன்றம் 1962 இல் ஏற்றுக்கொண்டபோது, அதனோடு மாறுபட்டுத் தனித் தீர்ப்பு எழுதியவர் அவர். பதின்மூன்று ஆண்டுகளின் பின்னர் மாறுபட்ட தீர்ப்பு பெரும்பான்மைத் தீர்ப்பாயிற்று. நிலத்தை வலயப்படுத்தும் அதிகாரம் மாநிலத்தினுடையது. ஊர்ச்சபை அதனை மாநிலத்தின் சார்பிலேயே செலுத்துகின்றது. ஆகவே பொதுநலம் என்பது அவ்வூர் எல்லைக்குட்பட்டோரின் நலம் மட்டுமாகாது என ஹோல் வாதித்தார். வளர்ச்சியடையும் ஒவ்வோர் ஊரும் தன் பிராந்தியத்தின் குறைந்த, நடுத்தர வருமானமுடையோரின் வீட்டுத் தேவையில் நியாயமான பங்கை ஏற்பதற்கு வாய்ப்பளித்தல் வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். வரிச்சுமை கூடும் என்ற சபையின் வாதம் ஏற்கத்தக்க காரணமன்று என ஒதுக்கப்பட்டது.

இத்தீர்ப்பு மாநில அரசியலமைப்பையே ஆதாரமாகக் கொண்டது. அதனால் சபை உச்ச நீதிமன்றத்தை நாடியபோது அங்கு இடங்கிடைக்கவில்லை. இத்தகைய ஆதாரத்தைத் தெரிந்தமை எவ்வளவு முன்யோசனையானது என்பது அதே ஆண்டு ஜூனிலேயே தெளிவாயிற்று. நியூ யோர்க் மாநிலத்துப் பென்பீல்ட் என்னும் புறநகருக்கு எதிராக இதையொத்த வழக்கைக் கொண்டுவந்தோருக்கு, வழக்காடும் தகுதியே இல்லையென உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு, வெளியே நிற்கும் காரணத்தாலேயே முறையிடும் உரிமையில்லை என்பதே அதன் பொருள்.

மவுண்ட் லோரல் தீர்ப்பின் பிறிதொரு பண்பு குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. வழக்கைத் தொடுத்தவை கறுப்பின மக்களின் உரிமை இயக்கங்கள். அவமதிக்கப்பட்டோர் கறுப்பின மக்கள். ஆனால் தீர்ப்பு இனத்தைப் பற்றிப் பேசாது வருமானத்தைப் பற்றியே பேசிற்று. வர்க்க நோக்கில் இதனை முன்னேற்றமெனக் கொள்ளலாம்; இளந் தம்பதியர், முதியோர், கூலி உழைப்பாளர் ஆகிய அனைவரும் அதன் வரம்புக்குள் வந்தனர். ஆயினும் நோய்க்குப் பெயரிடாமல் மருந்து கொடுத்தால் அது எவரைச் சென்றடையும் என்ற ஐயம் எழுவது இயல்பே. அவ்வையம் அடிப்படையற்றதன்று என்பதைப் பின்னர் காண்போம்.

தீர்ப்புக் கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. சபையினர் 1976 இல் கட்டளைச்சட்டத்தைத் திருத்தி மூன்று துண்டு நிலங்களை மலிவு வீடுகளுக்கென ஒதுக்கினர். மூன்றும் சேர்ந்து 20 ஏக்கர். ஊரின் நிலத்தில் ஒரு சதவீதத்தின் காற்பங்குக்கும் குறைவு. ஒரு துண்டின் உரிமையாளருக்கு வீடு கட்டும் நோக்கமே இருக்கவில்லை. கீழ் நீதிமன்றம் இத்திருத்தத்தையும் ஏற்றுக்கொண்டது. மறுபுறத்தில், வாடகை வீடுகளுக்கு உதவியளித்த கூட்டாட்சித் திட்டங்களை நிக்சன் அரசாங்கம் 1973 ஜனவரியிலேயே நிறுத்திவைத்திருந்தது. சட்டம் கதவைத் திறந்தாலும் வீட்டைக் கட்டப் பணமில்லை.

எட்டு ஆண்டுகளின் பின்னர், 1983 ஜனவரி 20 இல், அதே நீதிமன்றம் பிரதம நீதியரசர் றொபேர்ட் விலென்ஸ் தலைமையில், இவ்வழக்கையும் வேறு வழக்குகளையும் சேர்த்து விசாரித்துக் கடுமையான தீர்ப்பளித்தது. மவுண்ட் லோரல் தன் கடமையை வேண்டுமென்றே தட்டிக்கழித்துள்ளது என்பதை மறைவின்றிக் கூறிற்று. இத்தகைய வழக்குகளை விசாரிக்க மூன்று நீதிபதிகள் தனியாக நியமிக்கப்பட்டனர். முக்கியமானது 'கட்டுநர் பரிகாரம்' என வழங்கும் ஏற்பாடாகும். ஓர் ஊர் தன் பங்கைச் செய்யத் தவறினால், கட்டட முதலாளி ஒருவன் வழக்காடி வென்று, ஊரின் விதிகளை மீறி நெருக்கமாக வீடுகளைக் கட்டலாம். அவற்றுள் ஏறக்குறைய 20 சதவீதத்தைக் குறைந்த வருமானமுடையோருக்கு ஒதுக்கினாற் போதும். மவுண்ட் லோரல் வழக்கிலேயே நகர்வீட்டுத் திட்டமொன்றைக் கொண்டுவந்து இடைநுழைந்த நிறுவனத்துக்கு இப்பரிகாரம் வழங்கப்பட்டது.

இவ்வேற்பாட்டின் முரண்பாட்டை நாம் ஊன்றி நோக்குதல் தகும். வறியவனின் உரிமையை நிலைநாட்டும் பொறுப்பு இலாபம் தேடுவோனிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏழைக்கு ஒரு வீடு வேண்டுமாயின் வசதி படைத்தோருக்கு நான்கு வீடுகள் விற்பனையாதல் வேண்டும். விற்பனை மந்தமானால் ஏழையின் வீடும் நின்றுவிடும். ஒதுக்கப்பட்ட வீடுகளிற் பல வாடகைக்கன்றி விற்பனைக்கே கட்டப்பட்டன. முன்பணம் சேர்க்க வழியற்ற கூலியாளனுக்கு அவற்றாற் பயனில்லை. அரசே கட்டியிருக்கவேண்டிய வீட்டைச் சந்தையிடமிருந்து பிச்சையாகப் பெறும் முறை இது என்ற விமர்சனத்தை நாமும் பெரும்பாலும் ஏற்கின்றோம். ஆனால் பொதுப்பணம் மறுக்கப்பட்ட காலத்தில், செயற்படாத சபையைச் செயற்படவைக்க வேறு சாட்டை நீதிமன்றத்தின் கையில் இருக்கவில்லை என்பதையும் மறத்தலாகாது. இம்முதலாளித்துவ ஏற்பாட்டையே ஆளுநர் தோமஸ் கீன் 1984 இல் பொதுவுடைமைத் தன்மையது எனக் கண்டித்தார்!

சட்டமன்றம் 1985 இல் நியாய வீடமைப்புச் சட்டத்தை இயற்றி, மலிவு வீடமைப்பு மன்றம் ஒன்றை நிறுவியது. நீதிபதிகளின் கையிலிருந்த அதிகாரம் இம்மன்றத்துக்கு மாறிற்று. 1986 இல் உயர் நீதிமன்றமும் இதனை ஏற்றது. இச்சட்டத்தில் விந்தையான ஒரு பிரிவு இருந்தது: செல்வ ஊரொன்று தன் பங்கின் பாதிவரை, பணம் கொடுத்து வேறோர் ஊருக்கு மாற்றிவிடலாம். புறநகர்கள் பணத்தைப் பழைய தொழில் நகரங்களுக்கு அனுப்பின. அந்நகரங்களிற் பழைய வீடுகள் அப்பணத்தாற் புதுப்பிக்கப்பட்டன. பணமில்லாத நகரங்கள் இதனை வரவேற்றதில் வியப்பில்லை. ஆனால் கம்டன்வாசி கம்டனிலேயே தங்கினான். வெளியேறும் உரிமைக்காகத் தொடங்கிய வழக்கு, வெளியேறாமல் இருப்பதற்கான கட்டணமாக மாறியது. இப்பிரிவு 2008 இலேயே நீக்கப்பட்டது.

எதெல் லோறன்ஸ் அம்மையார் 1994 இற் காலமானார். அவர் கேட்ட வாடகை வீடுகளில் ஒன்றுகூட அன்றுவரை எழும்பியிருக்கவில்லை. வழக்கறிஞர் ஒக்கொனர் நிறுவிய இலாபநோக்கற்ற அமைப்பொன்று நிலம் பெற்றுத் திட்டம் சமர்ப்பித்தபோது, குற்றம் பெருகும், வீட்டுவிலை வீழும், பாடசாலை நெருக்குண்ணும் என்ற பழைய அச்சங்கள் பொதுக்கூட்டங்களிற் கடுஞ் சினத்தோடு மீண்டும் ஒலித்தன. 1997 இல் ஊரின் திட்டமிடற் சபை அனுமதி வழங்கிற்று. 2000 ஆம் ஆண்டின் இறுதியில், அம்மையாரின் பெயரையே தாங்கிய குடியிருப்பின் முதல் 100 வீடுகள் திறக்கப்பட்டன. பின்னர் 40 வீடுகள் சேர்க்கப்பட்டன. அனைத்தும் வாடகை வீடுகள். 1986 இல் தோன்றிய வரிச்சலுகைத் திட்டத்தின் மூலமே நிதியின் பெரும்பகுதி திரட்டப்பட்டது. பிராந்தியத்தின் நடு வருமானத்தில் 10 சதவீதம் பெறுவோர் முதல் 80 சதவீதம் பெறுவோர்வரை குடியமரலாம் என வகுக்கப்பட்டமையால், பிற மலிவு வீட்டுத் திட்டங்கள் எட்டாத அடிமட்டத்தோரையும் இது எட்டியது. மூன்று படுக்கையறை வீடுகளும் இங்கு இருந்தன. பிள்ளைகள் வரலாம்.

வீடு தேடுவோனின் நிலையில் நின்று இம்மாற்றத்தை நோக்குதல் பயனுடையது. 1970 இல் அவன் செய்தித்தாளின் விளம்பரப் பத்தியைப் புரட்டினாலும் ஊரெங்கும் நடந்து திரிந்தாலும் மவுண்ட் லோரலில் அவனுக்குரிய வாடகை வீடு இருக்கவில்லை. இருத்தல் சட்டத்துக்கு முரணாகும். 2000 இற்குப் பின்னர் வீடு இருந்தது. ஆனால் அதனை அடைய விண்ணப்பம் நிரப்பி, வருமானத்தையும் கடன் வரலாற்றையும் சான்றுகளால் நிறுவி, காத்திருப்போர் பட்டியலில் இடம்பெறல் வேண்டும். விண்ணப்பித்தோர் வீடுகளின் எண்ணிக்கையை விஞ்சி நின்றனர். மிகக் குறைவாக உழைப்பவன் தகுதி பெறான். சற்றே கூடுதலாக உழைப்பவனும் தகுதி இழப்பான். ஒழுங்கற்ற கூலி பெறுவோர், சான்றிதழ் வைத்திராதோர், கடனில் வீழ்ந்தோர் முதலியோரே இச்சல்லடையிற் சிக்கினர். வீடு மிகத் தேவைப்பட்டோரும் பெரும்பாலும் அவர்களே.

பிறின்ஸ்டன் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் டக்ளஸ் மாசியும் உடனாய்வாளரும் 2013 இல் வெளியிட்ட ஆய்வு, முன்கூறிய அச்சங்களைப் பரிசோதித்தது. அயலிலுள்ள ஒத்த ஊர்களோடு ஒப்பிட்டபோது குற்றத்திலோ வீட்டு விலையிலோ வரியிலோ அக்குடியிருப்பால் விளைந்த மாற்றம் எதுவும் காணப்படவில்லை. அயலவருட் கணிசமானோருக்கு அருகில் அத்தகைய குடியிருப்பு உண்டு என்பதே தெரிந்திருக்கவில்லை. முப்பதாண்டு அச்சத்தின் முடிவு இதுவாயின், அவ்வச்சத்தை மூலதனமாகக் கொண்டு தேர்தல்களில் வென்றோரைப் பற்றி என் சொல்வது? குடியேறியோரையும், விண்ணப்பித்தும் இடம் பெறாதோரையும் ஒப்பிட்ட அவ்வாய்வு, குடியேறியோரின் வேலைவாய்ப்பு, வருமானம், பிள்ளைகளின் கல்விச் சூழல் ஆகியன மேம்பட்டிருந்தமையையும் காட்டிற்று. ஒப்பிடப்பட்ட இருசாராரும் ஒரே முயற்சி எடுத்தோர் ஆதலின், வறுமையை வறியோரின் குணமாகக் கொள்ளும் வாதத்துக்கு இது தக்க மறுப்பாகும்.

எனினும் இக்குடியிருப்பை மாநிலம் முழுவதற்குமான மாதிரியாகக் கொள்ளுதல் தவறு. 1990களில் நடைபெற்ற ஆய்வுகள், மாநிலத்தின் புறநகர்களில் இச்சட்டத்தால் எழுந்த வீடுகளை அடைந்தோருள் நகரச் சேரிகளிலிருந்து பெயர்ந்த கறுப்பின மக்கள் மிகச் சிலரே எனக் காட்டின. முதியோரும், புறநகரில் ஏற்கெனவே வாழ்ந்த வெள்ளையரின் பிள்ளைகளும் கூடுதலாகப் பயன்பெற்றனர். அவர்களுக்கும் வீடு வேண்டியிருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. 1975 இன் தீர்ப்பு இனத்தைப் பற்றி மௌனம் காத்தமையின் விளைவு இங்கு வெளிப்படுகின்றது என்பதே நமது கருத்து.

மலிவு வீடமைப்பு மன்றம் 1999 இற்குப் பின்னர் செல்லத்தக்க விதிகளை வகுக்க இயலாது தடுமாறியது. அது வகுத்தவற்றை நீதிமன்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளின. ஆளுநர் கிறிஸ்ரி மன்றத்தையே ஒழிக்க முயன்றார். 2013 இல் உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. 2015 இல், மன்றம் செயலிழந்துவிட்டதெனக் கண்ட அதே நீதிமன்றம் வழக்குகளை மீண்டும் நீதிபதிகளிடமே ஒப்படைத்தது. 2024 மார்ச்சில் இயற்றப்பட்ட சட்டம் மன்றத்தை முறைப்படி ஒழித்து, ஊர்களின் பங்கைக் கணக்கிடும் முறையைச் சட்டத்திலேயே எழுதிவைத்தது. அதன்கீழ் ஒவ்வோர் ஊரும் தன் எண்ணிக்கையை 2025 ஜனவரி இறுதிக்குள் தீர்மானித்து ஏற்கவேண்டியிருந்தது. பத்தாண்டுக்கான நான்காவது சுற்று 2025 ஜூலையில் தொடங்கியது. அவ்வெண்ணிக்கையை எதிர்த்துப் புறநகர் ஊர்கள் சில ஒன்றுசேர்ந்து வழக்குத் தொடுத்துள்ளன.